நெல்லைச் சீமையில பேய் நடமாடுற பழைய கட்டடம், கல்லறைத் தோட்டம் – நேர்ல பாத்தவங்க மட்டும் வாங்க

குறுக்குத்துறை குருவி | வெள்ளி, இரவு 10.12

வணக்கம் மக்களே. நானும் என் சேக்காளிங்க ரெண்டு பேரும் ஒரு யூடியூப் சேனல் ஆரம்பிச்சிருக்கோம், நம்ம ஊர்ப் பக்கம் உள்ள அமானுஷ்ய இடமா பாத்து ராத்திரி போய் படம் எடுக்கலாம்னு பிளான். இதுவரைக்கும் எழுதி வச்ச லிஸ்ட் இதுதான்: பாளையங்கோட்டை கிளாரிந்தா சர்ச், மணியாச்சியில சுடப்பட்ட கலெக்டர் ஆஷோட கல்லறை, ஆதிச்சநல்லூர் பறம்பு, பாஞ்சாலங்குறிச்சியில இருக்கிற வெள்ளைக்காரன் கல்லறைங்க, கயத்தாறு புளியமரம். இதுல எது செமையா பயமா இருக்கும்? நீங்க நேர்ல எதாவது பாத்தது உண்டா? கதை விடுறவங்க தயவுசெஞ்சு வேண்டாம்.

ரியாத் அண்ணாச்சி | வெள்ளி, இரவு 10.20

ராத்திரி ரெண்டு மணிக்கு புது பஸ் ஸ்டாண்டுல பாபநாசம் வண்டிக்கு ஒத்தையில காத்துக் கிட தம்பி, எல்லா அமானுஷ்யமும் தானா வந்து பக்கத்துல உக்காரும்.

பனங்காட்டு நரி | வெள்ளி, இரவு 10.41

குருவி தம்பி, கோவிச்சுக்காதீங்க, நான் பள்ளிக்கூடத்துல உயிரியல் சொல்லிக்குடுக்கிற ஆளு. பழைய சர்ச் கோபுரத்துல நீங்க படம் பிடிக்கப் போற பேய் என்னனு இப்பவே சொல்லிடுதேன். கூகை, ஆந்தையில ஒரு வகை. வெள்ளை மூஞ்சி, ஒரு ஆப்பிளை ரெண்டா நறுக்கி வச்ச மாதிரி இதய வடிவத்துல இருக்கும், பறந்தா இறக்கைச் சத்தமே கேக்காது, டார்ச் அடிச்சா திடீர்னு ஒரு மூஞ்சி மட்டும் அந்தரத்துல போற மாதிரி தெரியும். அதோட குஞ்சுங்க பசியில போடுற சத்தம் இருக்கே, வயசான மனுசன் குறட்டை விடுற மாதிரியே இருக்கும். எங்க ஊர்ல பூட்டிக் கிடந்த ஒரு பங்களாவுல "கெழவர் இன்னும் தூங்குதாரு"ன்னு முப்பது வருசம் சொல்லிக்கிட்டு இருந்தாவ, ஓட்டைப் பிரிச்சப்ப நாலு கூகைக் குஞ்சும் ஒரு கூடை எலி எலும்பும்தான் இருந்துச்சு.

இன்னொண்ணு, நம்ம பக்கம் பனங்காடு. காவோலை கழியாம மரத்துலயே தொங்கும். ராத்திரி காத்து மாறும்போது அது உரசுற சத்தம் யாரோ கரகரன்னு பின்னால நடந்து வர்ற மாதிரியே கேக்கும், நீங்க நின்னா அதுவும் நிக்கும், ஏன்னா அந்த நேரம் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கியளே தவிர காத்து வரணும்னு கட்டாயம் இல்லல்லா. சின்ன வயசுல நானே செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடிருக்கேன்.

கருப்பட்டிக்காப்பி | வெள்ளி, இரவு 11.05

நரி சார் சொல்றதும் சரிதான் ஆனா எல்லாத்தையும் கூகைன்னு சொல்லி முடிச்சிர முடியாது சார். குருவி தம்பி, பாளையில இருக்கிறது பேய் சர்ச்னு உங்களுக்கு யாருப்பா சொன்னது? நான் அந்தப் பக்கம்தான் படிச்சேன். எங்க ஆச்சி காலத்து ஆளுங்க அதை பாப்பாத்தியம்மாள் கோயில்னுதான் சொல்லுவாங்க. தஞ்சாவூர்ப் பக்கத்து பிராமண விதவை, 1778ல ஞானஸ்நானம் வாங்கி கிளாரிந்தான்னு பேர் வச்சுக்கிட்டு, 1785ல கட்டுன கோயில் அது. சின்னதா, தடிச்ச சுவரோட, உள்ள போனா வெயில் தெரியாது. அந்தம்மா தண்ணிக்குன்னு கிணறு வெட்டி வச்ச கதைதான் எங்க வீட்டுல சொல்லுவாங்க, வெள்ளைச் சேலையில நடக்குற கதை எல்லாம் நாங்க கேட்டதே கிடையாது. ஊருக்குத் தண்ணி குடுத்தவளைப் பேயாக்கி வியூஸ் வாங்கப் போறீங்களா?

குறுக்குத்துறை குருவி | வெள்ளி, இரவு 11.09

அக்கா சாரி அக்கா. ஒரு சேனல்ல போட்டிருந்தாங்க அதைப் பாத்துதான் எழுதினேன். லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேன்.

ஓட்டப்பிடாரம் வெயில் | சனி, காலை 6.30

பாஞ்சாலங்குறிச்சியப் பத்தி நான் சொல்லுதேன், எங்க மாமா வீடு அங்கனதான். வெள்ளைக்காரன் கல்லறை இருக்கு, தொல்லியல் துறை போர்டும் இருக்கு. 1799 செப்டம்பர்ல கோட்டையை அடிக்க வந்து செத்தவன், அப்புறம் 1801ல செத்தவன், இவங்க ஆபீசர்மாரெல்லாம் அதுல கெடக்கான். 1801 கதை உங்களுக்குத் தெரியும்லா, பிப்ரவரி 2ஆம் தேதி கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டை சிறையில இருந்து நம்மாளுங்க மீட்டுக்கிட்டு வந்துட்டாவ, இடிச்சுப் போட்ட கோட்டையை மண்ணைக் குழைச்சு மறுபடி எழுப்பிட்டாவ, மார்ச் கடைசியில வந்த கும்பினி பட்டாளம் அடிச்சுப் பாத்து முடியாம திரும்பிருச்சு, மே 24 வரைக்கும் தாக்குப்பிடிச்சுது அந்த மண்சுவரு. இப்ப போனா 1974ல அரசாங்கம் கட்டுன நினைவுக் கோட்டைதான் பாக்கலாம், பழைய கோட்டை இருந்த எடம் மேடும் செங்கல்லுமாத்தான் கெடக்கு.

பேய் உண்டான்னு கேட்டா, மத்தியானம் போய்ப் பாருங்க. அந்தக் கல்லறை நெழல்ல வெள்ளாடு படுத்து அசைபோட்டுக்கிட்டு இருக்கும். எங்க மாமா சொல்லுவாரு, "ஏலே அவன் நம்ம ஊர்ல வந்து செத்தான், போக வழி தெரியாம கெடக்கான், சும்மா விடுங்க"ன்னு. அவ்ளோதான். கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குப்போட்ட புளியமரம்னு தேடிக்கிட்டு திரியாதீங்க, போனா சிலையும் மண்டபமும்தான். 1799 அக்டோபர் 16னு எழுதியிருக்கும், பாத்து கும்பிட்டுட்டு வாங்க.

கோயில்பிள்ளை பேரன் | சனி, காலை 9.15

இந்த இழையைப் பாத்ததும் சும்மா இருக்க முடியல. எங்க தாத்தா இடையன்குடிப் பக்கம் ஒரு ஊர்ல கோயில்பிள்ளையா இருந்தவரு. மணி அடிக்கிறது, விளக்கு ஏத்துறது, கல்லறைத் தோட்டத்துல குழி வெட்ட இடம் காட்டுறது எல்லாம் அவர் வேலை. ஊர்ல ராத்திரி ஒருத்தர் இறந்துட்டா வந்து தாத்தாவைத்தான் எழுப்புவாங்க, அவர் அரிக்கேன் லைட்டை எடுத்துக்கிட்டு போய் சாவு மணி அடிப்பாரு, நான் ஆறு வயசுல கூடப் போயிருக்கேன். கயிறு என் கைக்குப் பெருசா இருக்கும், தாத்தா ஒரு அடி அடிச்சுட்டு சத்தம் முழுசா அடங்குற வரைக்கும் நிப்பாரு, அந்த அடங்குற நேரத்துல ஊருக்குள்ள ஒவ்வொரு வீடா விளக்கு எரியுறது தெரியும், அதுக்கப்புறம்தான் அடுத்த அடி. "தாத்தா பேய் வராதா"ன்னு கேட்டதுக்கு, "பேய் வந்தா கேட்டு வாங்கிக்கலாம்டே, கட்டுவிரியன் வந்தாத்தான் கேக்காது, லைட்டைக் கீழ காமி"ன்னாரு.

சரி விசயத்துக்கு வாறேன். வெள்ளைக்காரப் பேயின்னா நம்ம சீமையில ஒரே ஒரு உருப்படியான கேஸ் உண்டு. இடையன்குடியில பாதிரியாரா இருந்த கால்டுவெல் ஐயரே 1849ல எழுதி வச்சிருக்காரு. கேப்டன் போல்னு ஒரு ஆபீசரு. 1809ல திருவிதாங்கூர் தளவாய் வேலுத்தம்பி வெள்ளைக்காரனை எதிர்த்த சண்டையில, ஆரல்வாய்மொழிப் பக்கம் திருவிதாங்கூர்க்காரங்க கோட்டைச் சுவரைப் பிடிக்கப் போய் அடிபட்டு செத்துப்போனாரு. அவரை அடக்கம் பண்ணின பக்கத்து சனங்க அவரைச் சாமியாக்கிட்டாங்க. படையல் என்ன தெரியுமா? சாராயமும் சுருட்டும். உசுரோட இருக்கும்போது துரைக்கு என்ன பிடிச்சுதோ அதையே வச்சிருக்காங்க. எனக்கு இதுல சிரிப்பு வரல கேட்டியளா, எவனோ எங்கிருந்தோ வந்து நம்ம மண்ணுல அடிபட்டுச் செத்தவன், எதிரிப் பட்டாளத்தோட ஆளு, அவனுக்கும் பசிக்கும்லான்னு நெனச்சிருக்காங்க பாருங்க.

கால்டுவெல் ஐயருக்கு இது கொஞ்சமும் புடிக்கல, பேய் வணக்கம்னு திட்டித்தான் எழுதியிருக்காரு. ஆனா அவரே கொடைக்கானல்ல 1891ல இறந்தப்ப உடம்பை இடையன்குடிக்குக் கொண்டாந்து அவர் கட்டுன கோயிலுக்குள்ளேயே அடக்கம் பண்ணுனாங்க. ஊர்க்காரங்க இன்னைக்கும் அந்த இடத்துக்கிட்ட குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாங்க. நான் ஒண்ணும் சொல்லல.

ரியாத் அண்ணாச்சி | சனி, காலை 9.48

சுருட்டு படையலா?? யப்பா டேய். அந்த போல் துரை இப்ப எங்க இருக்காரு, நானும் நேர்ந்துக்கிடுதேன், இங்க ரியாத்துல ரெண்டும் கிடைக்காம கெடக்கேன்.

மகுடச் சத்தம் | சனி, மதியம் 1.20

கோயில்பிள்ளை பேரன் அண்ணாச்சி சொன்னதுதான் கரெக்ட்டு, அதையே நான் எங்க பக்கத்துல இருந்து சொல்லுதேன். எங்க அப்பா சுடலைமாடனுக்குக் கோமரத்தாடி, அதாவது சாமியாடி. மூணு தலைமுறையா.

குருவி தம்பி, நம்மூர்ல பேய்க்கும் சாமிக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் ரொம்பச் சின்னது. அடிபட்டு, வெட்டுப்பட்டு, பிள்ளைப்பேறுல, கெணத்துல விழுந்துன்னு அகாலமா போனவங்க அலைவாங்கன்னு சொல்லுவோம். அலையுற வரைக்கும் அது பேய். அதுக்கு ஒரு பீடம் போட்டு, சுண்ணாம்பு அடிச்சு, வருசத்துக்கு ஒருக்கா கொடை குடுத்து, அவங்க கதையை வில்லுல பாட வச்சுட்டா அது சாமி. இடமும் சோறும் பேரும் கிடைச்சதும் அது யாரையும் புடிக்காது, நம்மளைக் காவல் காக்கும். முத்துப்பட்டன் கதை தெரியும்லா, பிராமணப் பையன், பொம்மக்கா திம்மக்கான்னு சக்கிலியர் வீட்டு அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டு, செருப்பு தைச்சு, மாடு காத்து, மாடு திருட வந்தவனோட மல்லுக்கட்டி செத்தான். இன்னைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயில்ல பட்டவராயரா நிக்காரு, ஆடி அமாவாசைக்குப் போய்ப் பாருங்க, சனம் அவருக்குத் தோல் செருப்பு காணிக்கை கட்டுது. அடுத்த வருசம் போய்ப் பாத்தா அந்தச் செருப்பு தேஞ்சிருக்கும்னு சொல்லுவாவ, ராத்திரி அவர் போட்டுக்கிட்டு மாடு காக்கப் போறாராம்.

அமானுஷ்யம் பாக்கணும்னா சாமக்கொடைக்கு வா. நடு ராத்திரி, கணியான்மாரு மகுடம்ங்கிற தோல் வாத்தியம் அடிக்கிறது நெஞ்சுக்குள்ள இறங்கும், கைவெட்டுல அவங்க கையைக் கீறி ரத்தம் சிந்தித் திரளைச் சோறு போடுற வரைக்கும் ஊரே வாயைத் திறக்காது. அப்புறம் சாமி வேட்டைக்குக் கெளம்பும். சுடலைல்லா, சுடுகாட்டுக்குத்தான் போகும். தீப்பந்தத்தைப் புடிச்சுக்கிட்டு எங்க அப்பா ஓடுவாரு, பகல்ல முட்டி வலின்னு மாத்திரை போடுற மனுசன். வழியில எல்லா வீட்டுலயும் கதவு சாத்தி விளக்கை அணைச்சிருப்பாங்க, குறுக்க யாரும் வரக்கூடாது. திரும்பி வரும்போது பாதத்துல சாம்பல் ஒட்டியிருக்கும். காலையில அம்மா சுடுதண்ணி வச்சு அந்தக் காலைக் கழுவுறப்ப முள்ளு எடுத்துக்கிட்டே திட்டுவாங்க, "வயசு அறுபத்திரெண்டு, செருப்பாவது போட்டுக்கிட்டு போகச்சொல்லுங்க உங்க சாமியை"ன்னு.

பனங்காட்டு நரி | சனி, மதியம் 2.02

மகுடம் தம்பி எழுதுனது நல்லா இருக்கு, சாமியா கும்பிடுறதை நான் குறை சொல்லல. ஆனா இதே நம்பிக்கையிலதான் பேய் புடிச்சிருக்குன்னு சொல்லி பொம்பளைப் புள்ளைங்களைப் போட்டு அடிக்கான். அதையும் சொல்லணும்லா? இந்த மாதிரி வீடியோ போடப்போட அது கூடும்தான் செய்யும்.

மகுடச் சத்தம் | சனி, மதியம் 2.10

சார் எங்க கோயில்ல யாரையும் அடிக்கிறது கிடையாது. பொத்தாம்பொதுவா பேசாதீங்க.

பனங்காட்டு நரி | சனி, மதியம் 2.13

உங்க கோயில்னு சொன்னேனா?

கருப்பட்டிக்காப்பி | சனி, மாலை 4.40

ரெண்டு பேரும் நிறுத்துங்க. நான் இதை எங்கயும் எழுதினதில்ல, இங்க பேர் தெரியாததுனால எழுதுறேன்.

எங்க சித்திக்கு பத்தொன்பது வயசுல மொதப் பிள்ளை செத்துப் பொறந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசமா தூங்க மாட்டா, வாசப்படியில உக்காந்து மடியில பிள்ளை இருக்கிற மாதிரி கையை வச்சுக்கிட்டு ஆட்டிக்கிட்டே இருப்பா. பிள்ளையைப் புதைச்ச இடத்துக்கு ராத்திரி போய் நின்னுருக்கா. இசக்கி புடிச்சிருக்குன்னு ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, எந்த இடம்னு சொல்ல மாட்டேன். வேப்பங்குழையால அடிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு, எட்டு வயசு எனக்கு, "போறியா போறியா"ன்னு கேக்கான், சித்தி "எங்க போக"ன்னு மட்டும் கேட்டா. சத்தமா கூட கேக்கல. அத்தை ஒருத்தங்க நர்ஸா இருந்தாங்க, அவங்கதான் வந்து சண்டை போட்டு பாளையில ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. மாத்திரை, அஞ்சாறு மாசம். சரியாயிட்டா. இப்ப ரெண்டு பேரப்பிள்ளைங்க.

ஆனா நரி சார், இதையும் கேளுங்க. அதே சித்தி இன்னைக்கும் வருசா வருசம் ஊர் இசக்கியம்மனுக்கு மண்பொம்மையும் ஒரு சின்னத் தொட்டிலும் வாங்கி வைப்பா. "அடிச்சவன் வேற, அவ வேற, அவளுக்கும் பிள்ளை போச்சுல்லா"ன்னு சொல்லுவா. நான் என்ன சொல்ல.

பனங்காட்டு நரி | சனி, மாலை 5.31

மன்னிச்சிருங்க அக்கா. படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு பண்ண முடியல. நர்ஸ் அத்தைக்கு ஒரு கும்பிடு.

அட்மின் | சனி, மாலை 6.00

இழை நல்லா போகுது. ஆஷ் கல்லறை எங்க இருக்கு, எப்படி உள்ள போறதுன்னு வழி கேட்டு வந்த நாலு பதிவை எடுத்துட்டேன். பூட்டியிருக்கிற இடத்துல சுவர் ஏறிக் குதிக்கிற ஐடியா எல்லாம் இங்க வேண்டாம்.

தாழி எடுத்தவன் | சனி, இரவு 8.55

ஆதிச்சநல்லூரும் லிஸ்ட்ல இருக்குன்னு ஒருத்தன் அனுப்புனான், அதான் வந்தேன். நான் 2020ல மாநிலத் தொல்லியல் துறை தோண்டுனப்ப கூலிக்குப் போன ஆளு, கொரோனா நேரம், வேற வேலை ஒண்ணும் கிடையாது. மொத நாள் எங்க அம்மா விடமாட்டேன்னுட்டா, அது தாழிக்காடு, அந்தக் காலத்துல செத்தவனைப் பெரிய பானையில வச்சுப் புதைச்ச எடம், அவனை எழுப்பப் போறியான்னு ஒரே அழுகை, இடுப்புல எலுமிச்சம்பழம் கட்டிவிட்டு அனுப்புனா.

அந்தப் பறம்பு 114 ஏக்கர். திருச்செந்தூர் ரோட்டுல பஸ்ல போறவன் சும்மா பொட்டக்காடுன்னு நெனப்பான். 1876லயே ஜாகோர்னு ஜெர்மன்காரர் வந்து தோண்டி பெர்லினுக்கு அள்ளிட்டுப் போயிட்டாரு, அப்புறம் அலெக்சாண்டர் ரீ வந்து தங்கப் பட்டம், வெண்கலச் சாமான், இரும்பு வாள்னு எடுத்தாரு, 2004ல ஒருக்கா மத்திய தொல்லியல் துறை தோண்டி நூத்தி அறுபதுக்கு மேல தாழி பாத்தாவ. அப்படின்னா கீழ எவ்வளவு பேர் படுத்திருப்பாங்கன்னு நீங்களே பாத்துக்கிடுங்க.

எங்க குழியில ஒரு தாழி. என் இடுப்பு ஒசரம். மம்பட்டி எல்லாம் கிடையாது, சின்னக் கரண்டியும் பிரஷ்ஷும்தான், உள்ள இறுகுன மண்ணை ஒரு நாளைக்கு நாலு விரல் கனம் எடுத்தா பெருசு. மூணாவது நாள் ஓரத்துல ஒரு குட்டிக் கிண்ணம் வந்துச்சு, கருப்பு செவப்பு, உள்ளங்கையில அடங்கும், உள்ள கையை விட்டா வழவழன்னு இருக்கு, நேத்து சூளையில இருந்து எடுத்தது மாதிரி. அதுக்குக் கீழ பல்லு. தாடை நொறுங்கிப் போச்சு, பல்லு மட்டும் வரிசையா, தேஞ்ச பல்லு. தொல்லியல் துறை மேடம் வந்து பாத்து வயசான ஆளா இருக்கலாம்னாங்க. எனக்கு என்னமோ பயமே வரல. எங்க ஆச்சி ஞாபகம்தான் வந்துச்சு, அவளுக்கும் வெத்தலை போட்டுப் போட்டு பல்லு அப்படித்தான் இருக்கும். ரொம்ப வயசாகியும் உசுரு போகாத கெழடுகளைச் சோறு தண்ணியோட தாழிக்குள்ள வச்சு மூடிருவாங்கன்னு ஊர்ல ஒரு கதை சொல்லுவாங்கல்லா, அதெல்லாம் சும்மான்னு மேடம் சொன்னாங்க, செத்தப்புறம் வச்சதுதானாம். அந்தக் கிண்ணத்துல எதோ வச்சிருக்காங்க, வழிக்குத் திங்க. பக்கத்துல சிவகளையில தாழிக்குள்ள நெல்லு உமி கிடைச்சுதே, 3200 வருசம் பழசுன்னு 2021ல சட்டசபையிலயே சொன்னாங்க.

கோயில்பிள்ளை பேரன் | சனி, இரவு 9.20

புறநானூத்துல ஒரு பொண்ணு குயவன்கிட்ட போய், புருசனுக்குச் செய்யுற தாழியைக் கொஞ்சம் அகலமா செய்யி, எனக்கும் அதுலயே இடம் வேணும்னு கேப்பா. நீங்க எழுதினதைப் படிச்சதும் அதுதான் வந்துச்சு தம்பி. அந்தக் காலத்துல போல் துரைக்குச் சுருட்டு, அதுக்கு முந்தி இவங்களுக்கு நெல்லு.

தாழி எடுத்தவன் | சனி, இரவு 9.34

ஆமா அண்ணாச்சி. குருவி, வர்றதா இருந்தா பகல்ல வா. 2023ல இருந்து அங்கனயே மியூசியம், குழிக்கு மேல கண்ணாடி போட்டிருக்கு, மேல நின்னு தாழியைப் பாக்கலாம். ஒரு ஓட்டாஞ்சில்லைக் கூட எடுத்துப் பையில போட்டுறாத, அது குத்தம். ராத்திரி வந்தா பேய் புடிக்காது, போலீஸ் புடிக்கும்.

ரியாத் அண்ணாச்சி | சனி, இரவு 9.50

அந்த எலுமிச்சம்பழம் என்னாச்சுவே?

தாழி எடுத்தவன் | சனி, இரவு 9.52

மொத நாளே மதியம் சோத்துல புழிஞ்சு தின்னுட்டோம். அம்மாகிட்ட சொல்லல.

குறுக்குத்துறை குருவி | செவ்வாய், இரவு 11.30

எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை போனோம், பகல்லதான். சேக்காளி ஒருத்தன் கடைசி நேரத்துல வரல, "தாழிக்காடுன்னா வீட்டுல விடமாட்டாவ"ன்னுட்டான், பயந்தாங்கொள்ளி. கண்ணாடி மேல நின்னப்ப கால் கூசுச்சு, கீழ ஒரு ஆள் உக்காந்து மேல பாக்குற மாதிரி ஒரு நெனப்பு, அவ்ளோதான், சட்டுன்னு செருப்பைக் கழட்டிட்டேன், ஏன்னு தெரியல. யாரும் கழட்டச் சொல்லல.

வெளிய வந்து டீ குடிக்கையில கேமராவைப் பாத்துட்டு கடைக்காரத் தாத்தா "பேய்ப் படமா தம்பி"ன்னு கேட்டாரு. இல்ல தாத்தா சும்மான்னேன். "எதுக்கும் போற வழியில மாடன் பீடம் இருக்கு, சும்மா தாண்டிப் போகாத, ஒரு சுருட்டு வச்சிட்டுப் போ"ன்னாரு. அவர் கடையிலயே வாங்கச் சொல்லி ஒரு கட்டு தலையில கட்டிட்டாரு. பீடம்னா என் இடுப்பு ஒசரம்தான், புதுச் சுண்ணாம்பு, முன்னால ஒரு கோட்டர் பாட்டில் காலியா கெடந்துச்சு, எறும்பு மொய்ச்சுக்கிட்டு. ஒண்ணைப் பத்த வச்சு வச்சோம், காத்துல தானா கனிஞ்சு கடைசி வரைக்கும் எரிஞ்சு முடிஞ்சுச்சு. நரி சார், காத்துன்னு எனக்கும் தெரியும் சார். வீடியோ எடுக்கல. எடுக்கத் தோணல.

மகுடச் சத்தம் அண்ணே, உங்க ஊர்க் கொடை எந்த மாசம், வரலாமா?

மகுடச் சத்தம் | புதன், காலை 7.05

சித்திரை கடைசி வெள்ளி. தாராளமா வா, வீட்டுல தங்கிக்கிடலாம். வேட்டைக்குப் போறப்ப மட்டும் கேமரா கூடாது, லைட்டைப் பாத்தா அப்பா தடுக்கி விழுந்துருவாரு.

ரியாத் அண்ணாச்சி | புதன், காலை 7.40

அதெல்லாம் இருக்கட்டும், கட்டுல மிச்ச சுருட்டு எங்க?